சதுப்பில் இரண்டு கால்கள்

"ஐயோ... பொணம்! பொணம்!"

காலை ஆறு மணிக்கு வாட்சர் மாசாணம் போட்ட அலறலில் சோலைக்காடே விழித்துக்கொண்டது.

உடுமலைக்கு மேலே, மலை உச்சியில் சரணாலயம். நடுவே, கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும் சதுப்பு. அதிலிருந்து...

இரண்டு கால்கள்! ஷூ போட்ட கால்கள்! வானத்தைப் பார்த்து!

ரேஞ்சர் பூஜிதா ஜீப்பிலிருந்து குதித்தாள்.

"யாருங்க அது?"

"தெரியலீங்க மேடம். தலைகீழா போயிருக்காருங்க."

மாசாணம் நீள மூங்கிலால் பிணத்தை மரியாதையாகத் தட்டினான்.

"ஏனுங்க... ஏனுங்க..."

டங்!

"மேடம்... வெண்கலமுங்க!"

அதற்குள் ஒரு கார் சீறி வந்து நின்றது. மில் அதிபர் சென்னகிருஷ்ணன். 'பசுமைக் காவலர்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர்.

"ஐயோ, என்ற சிலை! நேத்து ராத்திரி ஆளுங்களை உட்டு நிறுத்துனப்ப நிமிர்ந்து நின்னுச்சே!"

"சதுப்புல சிலை வெக்க யாருங்க அனுமதி குடுத்தாங்க?" என்றாள் பூஜிதா.

"மேலிடத்துல பேசியாச்சு அம்மணி. தூரத்துலருந்தும் தெரியோணும்னு தலைய மட்டும் ஒரு சுத்துப் பெருசா வார்க்கச் சொன்னேன்..."

"அதானுங்க, தலை மொதல்ல போயிருச்சு" என்றான் மாசாணம்.

சென்னகிருஷ்ணன் முறைத்தார்.

"இந்தக் காட்டுக்குக் காவல் நீதானப்பா? கிரேன் வருது. பத்து மணிக்குத் திறப்பு விழா. அதுக்குள்ள சிலை எந்திரிக்கல... உன்ற வேலை காலி!"

பதினோரு வருஷத் தற்காலிக வேலை! மாசாணம் பலகை போட்டுத் தவழ்ந்தான். ஷூவில் கயிறு மாட்டக் கை நீட்டியவன்...

உறைந்தான்!

ஷூவின் அடியில், கட்டைவிரல் அளவில், செக்கச்செவேலென்று ஒரு தவளை! உலகத்தில் இந்தச் சதுப்பைத் தவிர வேறெங்கும் இல்லாத தவளை. பக்கத்தில், கண்ணாடி மணிகளாய்...

"மேடம்! முட்டை போட்டிருக்குதுங்க!"

பூஜிதாவின் குரல் நிமிர்ந்தது.

"பொரியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கிரேனைத் திருப்பி அனுப்புங்க. மாசாணம், காவலுக்கு நீங்கதான். உங்களை யாராவது வேலைய உட்டு எடுத்தா, தவளைக்கு அவரே பதில் சொல்லட்டும்!"

சென்னகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளுப்பா ஆகும்?"

"ஒரு மாசமுங்க. அதுக்குள்ள அடுத்தது போட்டுருமுங்க."

"நானூறு பேரு வாராங்கப்பா! மூஞ்சியே இல்லாம என்னத்தத் திறக்கறது?"

மாசாணம் பணிவாகக் கைகட்டினான்.

"அதனால என்னங்க முதலாளி? வாரவங்க எல்லாம் எப்படியும் உங்க கால்லதானுங்க உழப்போறாங்க... குனியற சிரமம் மிச்சமுங்க!"