இலைச்சாறு கொடுத்த கை

"அத்தை, சமையல்கட்டுல என்ன பச்சை வாடை?"

செருப்பை மாட்டப்போன மருமகள் திரும்பி வந்து நின்றாள். தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிக்ஸி ஜாரை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "வாடையா? ஒண்ணுமில்லையே! நாள் முழுக்க லேப்ல இலையோட கிடந்தா மூக்குல வேற என்ன ஏறும்? போம்மா, பஸ்ஸை விட்டுடப் போற" என்றாள்.

மருமகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும்தான் தையல்காரம்மாவுக்கு மூச்சு வந்தது. சாறை வடிகட்டி, பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, மகன் கையில் கொடுத்தாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தான்.

"த்தூ... என்ன கசப்பும்மா! உன் மருமக இதை நேரா என்கிட்டயே குடுத்தா என்ன?"

"வெளியில தெரிஞ்சா வேலைக்கு ஆபத்தாம்டா. உன்கிட்டகூட மூச்சு விடாதீங்கன்னா. நீயும் கேட்டுவைக்காதே."

அப்பப்பா! எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்! தானாக அரைத்துக் கொடுத்த சாறென்று சொன்னால் மகன் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். படித்த பெண்டாட்டி அனுப்பியது என்றதும் சொட்டு விடாமல் குடித்தான்.

மகனுக்கு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. பட்டறைக்குள் நுழைந்தாலே பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி கண்ணைக் கரிக்கும். அந்தப் புகை ஈரலைத் தின்றுவிடும் என்று மருமகள் கல்யாணமான நாளிலிருந்து தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். தடித்த மாஸ்க் ஒன்றை அவளே வாங்கிவந்து, அவன் மாட்டிக்கொள்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவாள்.

மருமகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம். "செல்லைக் காப்பாத்தற வேலை அத்தை" என்று அவள் முதல்முதலில் சொன்னபோது, "எந்தச் செல்லு? பேசற செல்லா, கட்டையை அரிக்கற செல்லா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்தவள் தையல்காரம்மா. மருமகளும் சிரித்துவிட்டு விளக்கினாள். "ஈரல் செல் அத்தை. தட்டுல வெச்சு வளர்ப்போம். விஷம் பட்டா இரும்பு துருப்பிடிக்கற மாதிரி உள்ளுக்குள்ள அரிச்சுப்போகும். இதோ போன்ல படம் பாருங்க, இந்த இலையில ஒரு சத்து இருக்கு. அது அந்த அரிப்பைத் தடுக்குது. ஆனா விஷத்துக்கு முன்னாடியே குடுத்துடணும்."

"நம்ம மதில் ஓரம் முளைச்சுக் கிடக்கே, அந்தக் கசப்பு இலைதானே? என் பிள்ளைக்கும் கொஞ்சம் குடேன்."

"ஐயையோ! தட்டுல இருக்கற செல்லு வேற, மனுஷ உடம்பு வேற. எவ்வளவு குடுக்கணும், ஆகுமா ஆகாதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்க அவரை மாஸ்க் போடச் சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா கேப்பார்."

அந்தப் பதில் தையல்காரம்மாவுக்கு முள்ளாகத் தைத்தது. ஊரான் ஈரலுக்கெல்லாம் மருந்து! கட்டின புருஷனுக்கு மட்டும் இல்லையாமா? புருஷனைச் சீக்கிரமே இழந்து, தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்க, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள் அவள். என் பிள்ளைக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியாதா என்ற வீம்பு வந்துவிட்டது. 'முன்னாடியே குடுத்துடணும்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பட்டறைக்குப் போகும் முன்னாடி, தினமும், டம்ளர் நிறைய.

கொஞ்ச நாளில் மாஸ்க் ஆணியிலேயே தொங்க ஆரம்பித்தது. "வேர்த்துக் கொட்டுதும்மா. அதான் சாறு குடிக்கறேனே" என்றான் மகன். மருமகளின் கண் முன்னால் மாட்டிக்கொள்வான். அவள் பஸ் ஏறியதும் கழற்றிவிடுவான். தையல்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் சாறுமேல் பிள்ளைக்கு அவ்வளவு நம்பிக்கை என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டாள்.

மருமகள் பச்சை வாடை என்று கேட்ட அந்த வாரமே பட்டறையிலிருந்து ஆள் ஓடிவந்தான். மகன் வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டானாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தான். மருமகள் லேப் கோட்டோடு ஓடிவந்திருந்தாள். கட்டிக்கொடுத்த மகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஈரல் நல்லா வீங்கியிருக்கு. புகை மட்டுமில்ல போலிருக்கே. வேர், இலை, பொடின்னு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மகன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "இவ எங்க அம்மாகிட்ட சொல்லி அரைச்சுக் குடுக்கச் சொன்ன சாறுதான் டாக்டர். தினமும் குடிக்கறேன். அது இருந்தா புகை ஒண்ணும் பண்ணாதுன்னு... மாஸ்க்கையும் போடல."

மருமகளின் முகம் வெளிறியது. மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை! எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. இதோ சொல்லப்போகிறாள், இதோ மானம் கப்பலேறப் போகிறது என்று தையல்காரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆமா டாக்டர்" என்றாள் மருமகள். "நான்தான்."

"ஆராய்ச்சி பண்றவங்க நீங்க! சோதிக்காத சாறைக் கொடுக்கலாமா? வெட்கமா இல்ல?"

"தப்புதான் டாக்டர்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தையல்காரம்மா வாயைத் திறந்தாள். டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போகும்வரை அவள் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. சீ! நானும் ஒரு மனுஷியா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு. தோன்றியதோடு சரி. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றாள்.

மகள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "எலி கிடைக்கலையா அண்ணி உங்களுக்கு? எங்க அண்ணன்தான் கிடைச்சானா? இருங்க, உங்க ஆபீசுக்கே போன் போடறேன். மனுஷன்மேல சோதனை பண்ணினீங்கன்னு உங்க பெரிய அதிகாரிகிட்டச் சொல்றேன். அப்புறம் எந்த லேப்ல உங்களைச் சேர்க்கறாங்கன்னு பார்ப்போம்!"

மகன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "உன்னை நம்பித்தானேடி குடிச்சேன்... போயிடு. என் கண்ணு முன்னால நிக்காதே."

மருமகள் வாய்விட்டு அழக்கூட இல்லை. போர்வையை இழுத்து அவன் பாதத்தை மூடினாள். "மணிக்கொரு தரம் தண்ணி குடுங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மகள் போனைக் காதில் வைத்தாள்.

"வைடி போனை!"

வார்டே திரும்பிப் பார்த்தது. தையல்காரம்மா மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"அவ குடுக்கல... நான் குடுத்தேன்! மதில் ஓரத்து இலையைப் பறிச்சு அரைச்சு நான்தான் ஊத்தினேன். குடுக்காதீங்கன்னு அவ தலையால அடிச்சுக்கிட்டா. அவ பேரைச் சொன்னாத்தான் நீ குடிப்பேன்னு பொய் சொன்னேன்டா கண்ணு! மாஸ்க் ஆணியில தொங்கறதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தவளும் நான்தான். இப்போ அவ பழியை ஏத்துக்கிட்டப்பவும் கல்லு மாதிரி நின்னேனே... பாவி, நின்னேனே!"

மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அவளைக் கூப்பிடும்மா" என்றான் அவன்.

மருமகள் வார்டு வாசலிலேயே நின்றிருந்தாள். காலில் விழப்போன மாமியாரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கும் அணை உடைந்தது.

"ஒரு நாள்... ஒரே ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருந்தா என்ன அத்தை? வாயில இருக்கற முத்தா உதிர்ந்திருக்கும்? அவர் உசுரைப் பத்தி எனக்கு அக்கறை இல்லேன்னு நினைச்சுட்டீங்களே!"

"நினைச்சுட்டேன்டி... நாசமாப் போன புத்தி, நினைச்சுட்டேன். ஆனா நீ ஏன்டி ஆமான்னு சொன்னே?"

"படுத்துக் கிடக்கற மனுஷன் யார்மேல கோபப்படுவார்? என்மேல கோபம்னா நாலு நாள்ல தீர்ந்துடும். பெத்தவங்க பொய் சொல்லிக் குடுத்ததுதான் இப்படிப் பண்ணிச்சுன்னு தெரிஞ்சா, நாளைக்கு உங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்குவாரா?"

தையல்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இத்தனை நாள் ஒரே கூரைக்கடியில் இருந்தும் அவளை ஒருதரம்கூடத் தொட்டு அணைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

வராந்தாவின் கடைசியில் டாக்டரம்மா போய்க்கொண்டிருந்தாள். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

"வேண்டாம் அத்தை. வீட்டுல தெரிஞ்சா போதும். அவங்ககிட்ட எதுக்கு?"

"உன்னைப் பார்த்து வெட்கமா இல்லையான்னு கேட்டாளே! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்டி."

அவள் நிற்கவில்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் நில்லுங்க. சாறு குடுத்தது என் மருமக இல்ல. நான். அவனைப் பெத்தவ."