பொடுசு இல்லாத இடம்

நிழல் இருந்தது. பாகம் இல்லை.

திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மின்சுற்று போர்டின் மூலையில் இரண்டு ஈயத் திட்டுகள், மூடிய இமைகளைப் போல அருகருகே பளபளத்தன. அவற்றின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய, குருணையைவிடச் சிறிய பாகத்தைக் காணோம். ஆனால் கேமராவின் பக்கவிளக்கு அதன்மேல் பட்டால் எந்தத் திசையில் நிழல் விழுமோ, அந்தத் திசையில், அதே அளவில், கருப்பாக ஒரு நிழல் விழுந்து கிடந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். முதலில் தன் கண்ணைச் சந்தேகிப்பதுதான் அவள் வழக்கம்.

ஜன்னல் இல்லாத அறை. ஈயம் உருகும் கசந்த வாடை; பாகங்களை உறிஞ்சி எடுத்து வைக்கும் இயந்திரம் இடைவிடாமல் விடும் மூச்சு. வைத்து முடித்த ஒவ்வொரு போர்டையும் கேமரா படமெடுத்து, மாதிரிப் படத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் தெரிந்தால் அவளைக் கேட்கும். தவறுதான் என்றால் சிவப்புப் பொத்தான். கேமரா வீணாகப் பயந்துவிட்டது என்றால் பச்சை. ஓர் இடத்துக்குத் தொடர்ந்து பச்சை கிடைத்தால் இயந்திரம் அதையே சரியென்று கற்றுக்கொள்ளும். பிறகு கேட்காது.

அந்தக் குட்டிப் பாகத்துக்குப் பொடுசு என்று பெயர் வைத்ததே அவள்தான். வீட்டில் தங்கையைக் கூப்பிடும் பெயர். பக்கத்தில், நிறையக் கால்களோடு அகலமாக இருக்கும் சில்லுக்கு அம்மா என்று பெயர். சேர்ந்த புதிதில் வேடிக்கையாகச் சொன்னது. இப்போது லைன் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள்.

“அண்ணே, பொடுசக் காணோம்.”

லைன் லீடர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “நிழல் விழுதுல்ல? அப்ப ஆளு இருக்குன்னுதானே அர்த்தம்?”

“ஆளத்தாண்ணே காணோம்.”

“இப்படி உத்து உத்துப் பாத்தா உன் மூக்கே காணாமப் போயிடும். லைன் நிக்குதும்மா. பச்சையத் தட்டு.”

போர்டைக் கையில் எடுத்து லென்ஸில் பார்த்திருக்க வேண்டும். அதுதான் முறை. அவள் பச்சையைத் தட்டினாள். அடுத்த போர்டிலும் அதே நிழல். தட்டினாள். அடுத்ததிலும். கட்டைவிரல் மரத்துப்போனது. சற்று நேரத்தில் கேமரா பொடுசைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

ஷிப்ட் முடியும் நேரத்தில் திரை வேறோர் இடத்தில் நின்றது. நான்கு பக்கமும் வரிசை வரிசையாக வெற்று ஈயத் திட்டுகள். நடுவில் அகலமான நிழல். அம்மா.

மணி அடித்தது. எந்தப் பொத்தானையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. பையில் சிவப்பு ரிப்பன் இருந்தது. நாளை தங்கை பள்ளி மேடையில் பேச வேண்டும். “சாயங்காலம் நீதான் பின்னி விடணும்க்கா. அம்மா இழுத்தா மண்டையே கழண்டுடுது,” என்று காலையில் கெஞ்சியிருந்தாள். அதை நினைத்ததும் நடை வேகமானது.

வீட்டில், விளக்கின் கீழே அம்மா தரையில் உட்கார்ந்து தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கூந்தலில் சீப்பு இறங்கும் சரசரப்பு வாசலிலேயே கேட்டது. சோப்பு வாசனை. அம்மாவின் விரல்கள் எதையோ மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டன.

விரல்களுக்குள் ஒன்றுமில்லை.

“பொடுசு எங்கம்மா?”

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இந்தா, முன்னாடிதானே உக்காந்திருக்கா.” அம்மா வெற்றிடத்தை அதட்டினாள். “ஆடாம உக்காருடி. அக்காவக் கண்டதும் ஆட்டத்தப் பாரு.”

சுவரில் இரண்டு நிழல்கள். ஒன்று பெரியது. அதன் முன்னால் சிறியது, காலை ஆட்டிக்கொண்டு.

அருகே போய்க் கையை நீட்டினாள். கை காற்றில் இறங்கித் தரையைத் தொட்டது. தரை வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் அவள் கையின் நிழல் மட்டும் சிறிய தலையின்மேல் நின்றது. அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க, அந்த வெற்றிடம் கண்ணுக்குப் பழகியது. முதலில் ஓரங்கள். பிறகு நடு. எப்போதும் அப்படித்தான் இருந்ததோ? பயம் மரத்துக்கொண்டே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“ரிப்பன் வாங்குனியா? குடு.”

கொடுத்தாள். அம்மா முடிச்சுப் போட்டாள். ரிப்பன் தரையில் விழுந்தது. சுவரில், சடையின் நுனியில் பூப்போல விரிந்தது.

அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “சரியா இருக்கா, பாத்துச் சொல்லு.”

தப்பு. அந்த ஒரு சொல்தான். நாக்கு வரை வந்தது.

கட்டைவிரல் முந்திக்கொண்டது. பச்சையைத் தட்டுவதுபோல் தரையை அழுத்தியது. பழக்கத்தில் வாயும் சொன்னது.

“சரி.”

சீப்பு விழுந்தது.

தரையில் சீப்பு. ரிப்பன். அம்மாவும் இல்லை. சரசரப்பு நிற்கவில்லை. சுவரில் பெரிய நிழல் இன்னொரு சடையைப் பின்னத் தொடங்கியிருந்தது. பிறகு நிறுத்தியது. இரண்டு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

பெரிய நிழல் சற்று நகர்ந்து, தன் அருகே அவளுக்கு இடம் விட்டது.