நான்கு எண்ணும் நேரம்

திங்கட்கிழமை நண்பகல். நியூ ஆர்லியன்ஸ் தெருவெங்கும் துவைத்த துணிகள் காய்ந்தன. வீட்டுக்கு வீடு சிவப்பு பீன்ஸ் கொதித்தது. ஆல்சிட் தன் ஊதுவாத்தியமான கார்னெட்டின் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸெலிமாவின் கதவைத் தட்டினான்.

ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்ட கதவு.

"வா தம்பி. ஊர் ஊரா கைதட்டு வாங்குறியாமே, உடம்புல சதை ஒட்டலையே. கைதட்டைத்தான் திங்கிறியா?"

அவள் இரண்டு தட்டு வைத்தாள். அவன் தன் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

நீராவிப் படகில் ஆடுபவர்களுக்கு வாசித்த குழுவில் அவள் கணவன் ஹோனரே முதல் கார்னெட், ஆல்சிட் இரண்டாவது. நாட்செஸ் என்ற ஊர் அருகே ஒரு மாலை, "நீ பாத்துக்கடா" என்று ஹோனரே காற்று வாங்கப் பின்தளத்துக்குப் போனான். ஆல்சிட் ஹோனரேயின் சொந்த மெட்டை ஊதிக்கொண்டிருந்தான். அதன் நடுவில் நான்கு எண்ணும் நேரம் எல்லா வாத்தியமும் நிற்கும்.

அந்த அமைதியில்தான் ஆற்றிலிருந்து ஹோனரேயின் குரல் வந்தது. ஜன்னலை ஒட்டி நின்றவன் ஆல்சிட் ஒருவன்தான்.

அவன் இடைவெளியை ஊதி நிரப்பினான். ஆறு வருடம் இரண்டாவதாக நின்றவன். கூட்டம் கைதட்டியது.

அன்றிலிருந்து எந்த ஊரிலும் அவன் இடைவெளி விட்டதில்லை. அதற்காகவே மெம்ஃபிஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை பெயர் வாங்கினான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் ஸெலிமா. "விழுந்தப்ப கூப்பிட்டாரா?"

"இல்ல அண்ணி. சத்தமே இல்ல."

"உடம்பும் கிடைக்கல. வாத்தியம் வச்சு கடைசி ஊர்வலமும் போகல. அவரு மெட்டை ஒரு தரம் ஊது. நடுவுல நிறுத்தி, அவரு ஊதுன மாதிரி."

"இப்பல்லாம் யாரும் நிறுத்தறதில்ல, அண்ணி."

"அவரு நிறுத்துவாரு."

ஊதினான். இடைவெளி வந்ததும் ஸெலிமா விரலை உயர்த்தினாள். அவன் கார்னெட்டை இறக்கினான்.

ஒன்று.

இரண்டு. வெளியே துணிகளின் படபடப்பு நின்றது.

மூன்று. ஆற்றுச் சேற்றின் வாடை.

"ஆல்சிட்! கயிறு போடுடா!"

குரல் கார்னெட்டின் வாய்க்குள்ளிருந்து வந்தது.

நான்கு.

ஸெலிமா அழவில்லை. கார்னெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கூப்பிட்டிருக்காரு."

"அண்ணி... கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் ஊதினேன்."

"தெரியுது." அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "ஊது. அவரு குரலைக் கேட்டு அஞ்சு மாசமாச்சு."

இரண்டாம் முறை குரல் கார்னெட்டிலிருந்து வரவில்லை. தெருவிலிருந்து வந்தது.

"இன்னொரு தரம்."

"வேணாம் அண்ணி."

"ஊதுடா."

மூன்றாம் முறை குரலே இல்லை.

அவனுக்குப் பின்னால் தரைப் பலகை கிறீச்சிட்டது. எதிலிருந்தோ நீர் சொட்டியது.

ஸெலிமா அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது. எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள்.

"வாங்க," என்றாள். "ஆறிடப் போகுது."

ஆல்சிட் திரும்பவில்லை. கார்னெட்டை உதட்டில் அழுத்தி, இடைவெளி விடாமல் ஊதினான்.

அவன் சட்டைக் காலர் பின்பக்கம் மெல்ல நனைந்துகொண்டிருந்தது.