டப்பாவின் பின்பக்கம்

ஜெயம்மா அத்தைக்கு இன்னும் பத்தே நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "பொண்ணு கொஞ்சம் பருமன்" என்று சொல்லிவைத்தார்கள். அவ்வளவுதான், அத்தை புத்தூர் சந்தையில் ஒரு டப்பா சூரணம் வாங்கிவந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். டப்பாவின் முகப்பில் 'கொழுப்பைக் கரைக்கும்' என்று தமிழில் கொட்டை எழுத்து.

நாலே நாளில் அத்தை வாடி வதங்கிப்போனாள். கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்தவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது அண்ணன் மகள், பத்து வயது தாட்சாயணிதான். பயத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தைக்கோ ஒரே பூரிப்பு. அத்தையின் அண்ணன், தாட்சாயணியின் நைனா, கடலைக்காய் மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். அந்தத் தராசில் ஏறிப் பார்த்தாளாம், இரண்டு ராத்தல் குறைந்திருக்கிறதாம்.

தாட்சாயணி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். புத்தூர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மொழியும் புழங்கும் ஊர் என்பதால் தாட்சாயணி பள்ளிக்கூடத்தில் தமிழ், தெலுங்கு இரண்டும் படித்தாள். பின்பக்கம் தெலுங்கில், பொடி எழுத்தில், 'நேல தங்கேடு' என்று இருந்தது. செட்டியார் கடை ஜாடியில் இதே பெயரைப் பார்த்திருக்கிறாளே! வயிறு கட்டிக்கொண்டால் அம்மா வாங்கிவரச் சொல்லும் நிலாவரைதான் அது.

"அத்த, இது பேதி மருந்து. கொழுப்பு கரையல, ஒடம்புல இருக்கிற தண்ணிதான் போய்க்கினு இருக்குது."

அத்தை நம்பவில்லை. பொறாமையா என்றுகூடக் கேட்டாள். தாட்சாயணி விடுவாளா? அத்தையை மண்டிக்கு இழுத்துப்போய்த் தராசில் நிறுத்தினாள். பிறகு ஒரு பெரிய சொம்பு உப்பு மோரைக் குடிக்கவைத்து, மறுபடி ஏற்றினாள். போன இரண்டு ராத்தலும் அப்படியே திரும்பி வந்திருந்தது.

அத்தை முள்ளைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். நாலு நாள் பட்ட பாடு ஒரு சொம்பு மோருக்குத்தானா என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த சந்தையில் சூரணக்காரரைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அத்தை நேராகப் போய் ஒரு டப்பாவை எடுத்துத் தாட்சாயணியிடம் நீட்டினாள்.

"பின்னாடி படி. எல்லாருக்கும் கேக்கணும்."

தாட்சாயணி தெலுங்கில் உரக்கப் படித்தாள். தமிழிலும் விளக்கிச் சொன்னாள். பெண்கள் எடுத்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார்கள். சூரணக்காரர் மூட்டையைக் கட்டினார்.

யார் வீட்டுப் பெண் இது என்று ஒரு அம்மாள் கேட்டாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"எம் பொண்ணு."