உப்பு போடாத குழம்பு

விடிந்ததும் விடியாததுமாகப் புருஷனின் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள் முத்தம்மா. அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது.

"இன்னாய்யா இது... வத்திப்போன வீக்கம் மறுபடி ஏறிகினு வருதே!"

"எனக்கு இன்னா தெரியும்? போ... போயி வேலையப் பாரு!" தேசப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டு அவன் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டபோது, மதராஸ் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முத்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டர் சொன்னதைப் பொன்னேரி வந்து சேரும்வரை ரயிலில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது. உப்பு ஆகாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கண்ணிலேயே காட்டக்கூடாது. சர்க்கரை, வெல்லம் குறைக்க வேண்டும். எலும்பு தேயாமலிருக்கப் பாலும் கேழ்வரகும் வேண்டும். எது வந்தாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது!

மாத்திரை நோயை அடக்கியது. ஆனால் ஆளை மாற்றிவிட்டது. முகம் பூசணிக்காயாக உப்பியது. பேய்ப் பசி... பசிக்கு மேல் கோபம். "மண்ணு மாதிரி கீது!" என்று எத்தனை முறை தட்டை விசிறி எறிந்திருப்பான்! அவள் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி பரிமாறினாள். எங்கே தப்பு செய்தோம் என்று இப்போது அவளுக்குப் புரியவேயில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியில் அவள் தட்டின் முன் உட்கார்ந்த நேரம், கும்மிடிப்பூண்டியிலிருந்து நாத்தனார் சின்னப்பொண்ணு வந்து நின்றாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

"எந்தம்பிய உப்பில்லாத சோத்தப் போட்டுச் சாவடிக்கிற... நீ மட்டும் மூலையில குந்திகினு ருசியா துன்றியா?"

"அண்ணி... டாக்டருதான்..."

"டாக்டராம் டாக்டரு! குடு இங்க!"

தட்டைப் பிடுங்கி ஒரு கவளம் வாயில் போட்டாள் சின்னப்பொண்ணு. மென்றாள். விழுங்க முடியவில்லை.

"இன்னாமே இது... இதுலயும் உப்பு இல்லியே!"

"நான் ஒண்ணு ருசியா துன்னுகினு, நீ பத்தியமா துன்னுன்னு அவர எந்த வாயால சொல்றது அண்ணி?"

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா..."

சின்னப்பொண்ணு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "ஐயோ... பாவி நானு! எங்க ஊரு பட்டறையில வேல முடிஞ்சதும் தெனிக்கும் எங்க ஊட்டுக்கு வர்றாம்மே. பசின்னு அழுதான்... பத்து நாளா கருவாட்டுக் கொழம்பும் மாங்கா ஊறுகாயும் நான்தான் போட்டேன். மாத்திரைய டாக்டரே நிறுத்திட்டாருன்னான்!"

"மாத்திரையவா?"

முத்தம்மா எழுந்து ஓடினாள். தேசப்பன் தலையைத் தூக்கவில்லை.

"நாலு நாளா முழுங்கல... துப்பிட்டேன். மூஞ்சப் பாத்து எல்லாரும் கிண்டல் பண்றானுங்க முத்தம்மா..." எழுந்திருக்கப் போனவன் தலை சுற்றி அவள் மேலேயே சாய்ந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

கிடைத்த வண்டியில் ஏறினார்கள். மதராஸ் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பெண்களுக்கும் உயிர் பாதியாகிவிட்டது. ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த டாக்டர் கொதித்துப் போயிருந்தார்.

"இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேனா இல்லையா? அதுவும் பத்தாதுன்னு உப்பு வேற! யாரும்மா சமைச்சது?"

பக்கத்தில் நின்ற சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள்.

"நான்தான் சார்... எங்க ஊட்ல ஆக்குறது நான்தான்..."

"இல்ல சார்! அவ பொய் சொல்றா!" சின்னப்பொண்ணு அலறினாள். "எனக்காகப் பழிய ஏத்துக்கினு நிக்கிறா! உப்பு போட்டவ நானு... இவ மூணு மாசமா அவனோட சேந்து உப்பே துன்னல சார்!"

டாக்டரின் கோபம் இறங்கியது. "பயப்படாதீங்க. நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. ஆனா பத்து நாளாவது இங்கே இருக்கணும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கண் விழித்த தேசப்பன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் வழிந்தது.

"அழுவாதய்யா... மொதல்ல கஞ்சி குடி. அப்பறம் மாத்திர."

அவன் முனகாமல் குடித்தான். மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கிவிட்டதாக வாயைத் திறந்தும் காட்டினான்.

"தூக்கி வளத்தவ நானு... ஆனா காப்பாத்தினவ நீதாம்மே!" என்று விம்மிய சின்னப்பொண்ணு முத்தம்மாவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த முத்தம்மா, அந்தத் தோளில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.