அவருக்குப் போட்ட நாற்காலி

மெத்தை சூடாக இருந்தது.

சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் அந்த நாற்காலியைத் துடைப்பது அக்கா தங்கை இருவரில் பெரியவளின் வேலை. கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் அது கிடக்கும். கைப்பிடி வைத்த கனத்த மர நாற்காலி, அதன் மேல் நீல வெல்வெட் உறை போட்ட மெத்தை. அதில் யாரும் உட்காரக் கூடாது. ஈரத்துணியோடு குனிந்தவள் மெத்தையில் கையை ஊன்றினாள். ஊன்றிய வேகத்தில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நமக்கு இடம் விட்டு எழுந்தவர் விட்டுப்போகும் சூடு அது. கொஞ்சம் கூச்சம் தருகிற, இன்னொருவர் உடம்பின் சூடு.

கூடத்தில் யாரும் இல்லை. வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நாற்காலி இயேசுவுக்குப் போட்டது. ஜெப நேரத்தில் அவர் வந்து உட்கார ஒரு இடம் வேண்டும் என்பது பெரியப்பாவின் ஏற்பாடு. பெரியப்பா குளியலறை ஓடுகளும் குழாய்களும் விற்கிற கடை வைத்திருந்தார். ஆறடி ஆள், அதற்கேற்ற தொண்டை. கடவுளுக்குக் காது மந்தம் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்ததைப் போல ஜெபிப்பார். ஜெபத்தில் முதல் பாதி கடவுளுக்கு, மறுபாதி பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. கண்ணை மூடிக்கொண்டே, யார் யார் கண்ணைத் திறந்திருந்தார்கள் என்று பிறகு சொல்லுவார்.

அந்த வீட்டில் பெரியவளும் ஐந்து வயதுத் தங்கையும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா நகரத்தின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. பாடம் வராமல் அல்ல. வகுப்பில் எழுந்து நின்றால் பேச்சு வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் ஆடும், பிள்ளைகள் சிரிக்கும். இருட்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், தொலைபேசி மணிக்குக்கூடப் பயம். பெரியப்பா அவளுக்கு 'நடுக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார். "நடுக்கம், தண்ணி கொண்டா. விசுவாசம் இருக்கிறவனுக்குப் பயம் இருக்காது, தெரியுமா? பயம் இருந்தா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்." பெரியம்மா அதற்கும் ஒரு ஆமென் போடுவாள். அவர் தும்மினாலும் போடுவாள்.

அதனால் மெத்தை சூட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டாள். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு போதகர் வீட்டில் அற்புதம் நடந்ததாக ஊரெல்லாம் பேச்சு. பெரியப்பாவுக்கு அது தொண்டையில் முள். அதைக் கேட்ட ராத்திரி ஜெபத்தில் அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கெஞ்சவில்லை, அதட்டினார். "இந்த நாற்காலி இன்னும் எத்தனை நாள் காலியா இருக்கிறது? வெளியே நிக்கிறவர் உள்ளே வரணும். இன்னைக்கே வரணும். நாலு பேர் பார்க்கிற மாதிரி வரணும்!" குழாய் கொண்டுவரத் தாமதித்த வண்டிக்காரனிடம் பேசுகிற அதே குரல். வெளியே இருட்டில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்திவிட்டது.

யார் நிற்கிறார் என்று அவர் கேட்கவே இல்லை.

மெத்தை சுட்டதற்கு இரண்டு நாள் கழித்து எல்லோரும் பார்த்தார்கள். பெரியப்பா தன் சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார்: தான் எப்படிப்பட்டவன், தன்னைக் கர்த்தர் எப்படிப் பொறுக்கி எடுத்தார், தன் கை பட்டு யார் யாருக்கு இடுப்பு வலி போனது. அவர் பேசப் பேச நீல மெத்தை மெல்ல அமுங்கியது. முதலில் நடுவில் ஒரு குழி. பிறகு அது இரண்டு பக்கமும் பரந்து இறங்கியது, பருத்த ஒருவர் வசதியாக அசைந்து உட்காருவதைப் போல. மரம் முனகியது. பூஜாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாசனை, அழுகிய தண்டின் கொழகொழத்த வாசனை, கூடத்தில் பரவியது.

பெரியப்பா பார்த்தார். தொபுக்கென்று மண்டியிட்டார். "ஸ்தோத்திரம்! வந்துட்டார்! என் வீட்டுக்கு வந்துட்டார்!"

என் வீட்டுக்கு. அதை இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார், தையல்காரி அக்கம்பக்கத்தைத் திரட்டிக்கொண்டு வந்தாள், வங்கியில் வேலை பார்க்கிறவர் அலைபேசியில் படமெடுக்க வந்து, படத்தில் வெறும் மெத்தைதான் விழுகிறது என்று சலித்துக்கொண்டார். வந்தவர்கள் அழுதார்கள், கும்பிட்டார்கள், போகும்போது பெரியப்பாவின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாசனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மா மட்டும் நாற்காலியைச் சுற்றி சென்ட் அடித்தாள். "பரலோக வாசனை நமக்குப் பழகணும்ல," என்றாள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டே.

பெரியவள் சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. இயேசுவின் பாடுகளைப் பற்றிப் பாட்டு வந்தால் மெத்தை அசையாது. பெரியப்பா தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இறங்கும். அது சுகமாகச் சாய்ந்துகொண்டு கேட்டது.

சனிக்கிழமை, தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாற்காலி சாமி என்னை மடியில உக்காரச் சொல்லுது."

சீப்பு நின்றது. "யார் சொன்னா? பெரியப்பாவா?"

"இல்ல, சாமி. நான் அங்க பொம்மை வெச்சு விளையாடுனேன்ல, அப்ப என் கையைப் பிடிச்சுக்கிச்சு." சின்னவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "மெத்துமெத்துன்னு இருந்துச்சு அக்கா. பன்னு மாதிரி."

"பாப்பா." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்தக் கையில தழும்பு இருந்துச்சா?"

"ம்ஹூம். தடவிப் பார்த்தேன். நமக்கு இருக்கே கோடு, அதுகூட இல்ல."

அம்மா இங்கே கடைசியாக வந்திருந்தபோது சின்னவள் கேட்டிருந்தாள்: இயேசுசாமி நேரில் வந்தால் அவர்தான் என்று எப்படித் தெரியும்? அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "கையைப் பாரு. ஆணி அடிச்ச தழும்பு இருக்கும். நமக்காக வாங்கினது. அதை அவர் மறைக்கவே மாட்டார்."

பெரியவள் கூடத்துக்குப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியப்பா கேட்காமலே அவரிடம் பேசினாள். முதலில் பாதிதான் வந்தது. "பெரியப்பா... அது... அவர் இல்ல. கை..."

தங்கை சொன்னதை அவள் திக்கித் திக்கிச் சொல்ல, முழுவதும் கேட்டு முடித்து அவர் சிரித்தார். "பெரியம்மாவைக் கூப்பிடு, கேக்கட்டும். நடுக்கம் எனக்குப் பிரசங்கம் பண்ணுது!" பிறகு சிரிப்பு நின்றது. "குழந்தையை மடியில கேட்டாரா? இதை ஏன் முதல்லயே சொல்லலை? நாளைக்கு எல்லாரையும் வரச்சொல்றேன். எல்லாரும் பார்க்க, பாப்பாவை நானே தூக்கி உக்கார வெக்கிறேன்."

"வேண்டாம் பெரியப்பா."

"உங்க அம்மா உங்களை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா. எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். போ, டம்ளரெல்லாம் கழுவி வை."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். வியர்வை, தலையெண்ணெய், சென்ட், அதற்கெல்லாம் அடியில் அந்த அழுகல் தண்ணீர். சின்னவளுக்கு வெள்ளை கவுன் போட்டிருந்தார்கள். பெரியப்பா பாடினார், பேசினார், தன் பேரைத் தானே பலமுறை உச்சரித்தார். மெத்தை இறங்கியது. என்றைக்கும் இல்லாத ஆழத்துக்கு இறங்கியது. நாற்காலியின் கைப்பிடிகள் மேல் பாலிஷ் மங்கியது, வெந்நீர் டம்ளரை வைத்து எடுத்ததைப் போல. இரண்டு பக்கமும் இரண்டு ஆவிப் படலம். விரல் விரலாக.

பெரியப்பா சின்னவளைத் தூக்கினார்.

பெரியவளின் முழங்கால் ஆடியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினாள். பெரிய ஜெபம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அம்மா இருட்டில் சொல்லிக்கொடுத்த ஒன்றுதான் தெரியும். இயேசப்பா, எனக்குப் பயமா இருக்கு. கூட வாங்க.

பயம் போகவில்லை. ஒரு துளிகூடப் போகவில்லை. ஆனால் கால் நகர்ந்தது. ஆடிக்கொண்டே நகர்ந்தது. பக்கத்தில் ஒருவர் அவள் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வருவதைப் போல இருந்தது. அவர் சத்தமே போடவில்லை. எந்த நாற்காலியும் கேட்கவில்லை.

அவள் நாற்காலிக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஏய், என்ன இது? தள்ளு!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மெத்தையைப் பார்த்தாள்.

"கையைக் காட்டு," என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. அவள் தன் கையை நீட்டி, ஆவி படிந்த கைப்பிடியின் மேல், உள்ளங்கை மேலே பார்க்க வைத்தாள்.

காத்திருந்தாள்.

வந்தது.

சூடாக. மெல்ல. அவள் உள்ளங்கைக்குள் ஒரு உள்ளங்கை வந்து படுத்தது. எலும்பில்லாதது. வழவழவென்று. தழும்பில்லை. கோடில்லை. இதுவரை எதையும் தூக்காத, எதற்கும் வலிக்காத, யாருக்காகவும் ஒரு கீறல்கூட வாங்காத தோல். அது அவள் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் போல அமுக்கியது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இவ்வளவுதானா நீ? வேறொருவருக்குப் போட்ட இடத்தில் திருட்டுத்தனமாக வந்து உட்கார்ந்துகொண்டு, வேறொருவருக்குச் சேரவேண்டிய கும்பிடை வாங்கிக்கொண்டு, தற்பெருமையைத் தின்று பருத்துக் கிடக்கிற இரவல் பிழைப்பு. இதற்கா ஒரு வாரமாகத் தூங்கவில்லை?

"நீ அவர் இல்ல," என்றாள். நாக்கு ஒட்டவில்லை. "உன் கையில ஒண்ணுமே இல்ல. இயேசுவோட பேர்ல சொல்றேன். என் தங்கச்சியைத் தொடாத. எந்திரி."

பிடி இறுகியது. எலும்பு நொறுங்கும் என்று நினைத்தாள்.

விட்டது.

மெத்தை புஸ்ஸென்று எழும்பியது. பிறகு தையல்காரி ஓவென்று அழுதாள். "போயிட்டாரே! கர்த்தரை விரட்டிட்டாளே!"

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. சின்னவளைக் கீழே இறக்கிவிட்டார், அவளை மறந்தேவிட்டார். "பிசாசு பிடிச்சவளே! எத்தனை பேரைக் கூட்டி வெச்சிருக்கேன்! வெளியே போ! என் வீட்டுல இனி உனக்கு இடமில்லை!"

ஒருவரும் தடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் பிள்ளைகளை அவள் மேல் படாமல் இழுத்துக்கொண்டார். அவள் தங்கையின் கையைப் பிடித்தாள், சின்னதாய், அழுக்காய், கோடுகள் நிறைந்த கை, வாசலில் செருப்பை மாட்டினாள், இறங்கினாள். இரண்டு பஸ் மாறினால் அம்மா. இன்னும் பஸ் இருக்கும்.

பின்னால் ஜன்னல்களைத் திறக்கும் சத்தம். பெரியப்பாவின் குரல், கடைக்கே கேட்கும்: "திரும்ப வாங்க! அவ போயிட்டா! யார் உக்காரணும்னு சொல்லுங்க, நான் உக்காருறேன்! நானே வரேன்!" கைதட்டல் எழுந்தது. பாட்டு எழுந்தது.

கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றுதான் அவள் திரும்பினாள். வெளிச்சமான ஜன்னலுக்குள் நாற்காலி நேராகத் தெரிந்தது. பெரியப்பா அதில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா," என்றாள் சின்னவள். "பெரியப்பா ஏன் அவ்ளோ உயரமா உக்காந்திருக்காரு?"

அவருக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு முழம் காற்று இருந்தது. அதற்குக் கீழே மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

"பெரியப்பா!" அவள் கத்தினாள். வகுப்பில் வராத குரல் தெருவெல்லாம் கேட்டது. "எந்திரிங்க! எந்திரிச்சு வாங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் போட்ட சத்தமே அவர்கள் காதை அடைத்திருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஜெபத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள்.

அவள் தங்கையின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஆறடி ஆளின் கால்கள் தரையைத் தொடவில்லை. சின்னப்பிள்ளையின் கால்களைப் போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன. படிய வாரியிருந்த அவர் தலைமுடி, யாரும் தொடாமலே, மெல்ல அமுங்கியது, எழுந்தது. மறுபடி அமுங்கியது. பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.