காற்றை அடைத்த பனி

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஹக்கீம் ஒரு குளிர் அறை வைத்திருந்தார். தோட்டக்காரர்கள் திராட்சைப் பெட்டிகளை அங்கேதான் வைப்பார்கள். அன்று காலை, கதவருகே இருந்த மீட்டர் ஒன்பது டிகிரி காட்டியது. இரண்டு காட்ட வேண்டியது!

"மெஷின் நிக்காம ஓடுது. குளிரத்தான் மாட்டேங்குது," என்று தலையில் கை வைத்தார் ஹக்கீம். மெக்கானிக் தேனியிலிருந்து வர மாலை ஆகுமாம்.

பவானி அக்காவுக்குக் கண் கலங்கியது. அவருடைய அறுவடை முழுவதும் உள்ளே இருந்தது.

ஹக்கீமின் மகள் சுமையா ஐந்தாம் வகுப்பு. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டூலில் ஏறி, மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்தாள்.

அப்படியே வாய் பிளந்து நின்றுவிட்டாள். குழாயையும் காணோம், தகடுகளையும் காணோம். எல்லாம் வெள்ளை! இறகு இறகாக உறைபனி பூத்துக் கிடந்தது.

"அத்தா, இங்கன வந்து பாருங்க! எம்புட்டு அழகு!"

"இம்புட்டுப் பனி இருந்தா நல்லாக் குளிரணுமே?" என்றார் பவானி.

சுமையாவுக்கும் அது புரியவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மெஷினின் ஃபேனுக்கு முன்னால் பிடித்தாள். படபடக்க வேண்டிய காகிதம் சும்மா தொங்கியது.

"காத்தே வரலை அத்தா! சந்தெல்லாம் பனி அடைச்சிருச்சு. குளிரு வெளியே வர வழியில்ல!"

ஹக்கீம் மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"பாப்பா சொல்றது சரிதாண்ணே. கம்ப்ரசரை நிறுத்திட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்க. பனி தானா உருகும். கத்தியால சுரண்டிராதீக, குழாய் ஓட்டையாயிரும்."

"குளிர வைக்கிறதையே நிறுத்துறதா? எம் பழம் என்னாகும்ணே?" பவானி பதறினார்.

சுமையா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவைத் திறக்காம இருப்போம் அக்கா. நானும் உங்ககூட இங்கனயே உக்காந்திருக்கேன்."

உருகும் தண்ணீர் வெளியே வரும் குழாயின் கீழே வாளியை வைத்தார்கள். முதலில் ஒரு சொட்டு. பிறகு பத்து. பிறகு சளசளவென்று கொட்டத் தொடங்கியது.

மதியம் கம்ப்ரசரைப் போட்டார்கள். ஃபேன் வீசிய வீச்சில் சுமையாவின் முடி பறந்தது. மீட்டர் எட்டு, ஐந்து, மூன்று என்று இறங்கி இரண்டில் நின்றது. பவானி அவளைக் கட்டிக்கொண்டார்.

"இம்புட்டுப் பனி எப்படி வந்துச்சு?" சுமையா கதவோரம் தடவிப் பார்த்தாள். அடியில், கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் கிழிந்திருந்தது.

"அட, இதுவழியா வெளிக்காத்து உள்ள போயிருக்கு! அதுல இருந்த ஈரந்தான் உறைஞ்சிருக்கு," என்றார் ஹக்கீம். உடனே புது ரப்பர் வாங்கக் கிளம்பினார்.

சுமையா திரும்பிப் பார்த்தாள். மூன்று வாளி நிறையத் தண்ணீர்! இத்தனையும் காற்றுக்குள்ளா ஒளிந்திருந்தது?

கையை வீசி ஒரு பிடி காற்றைப் பிடித்தாள். மெல்ல விரித்துப் பார்த்தாள்.

கை காய்ந்தே இருந்தது.